பெயர் சொல்லாச் சுவை

என் தங்கையின் பேரனுக்கு வயது ஆறு. அவனுக்கு எள் ஒவ்வாது. இரண்டு வயதில் எள்ளுருண்டையைக் கடித்த சில நிமிடங்களில் உதடு வீங்கி, உடலெங்கும் தடித்து, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய நாளை அந்தக் குடும்பம் இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் நல்லெண்ணெய் இல்லை. இட்லிப் பொடியில் எள் இல்லை. கடையில் எதை வாங்கினாலும் உறையைத் திருப்பி, பொடி எழுத்துகளை ஒன்றுவிடாமல் படித்த பிறகே அவனுடைய தாய் அதைப் பையில் போடுவாள்.

சென்ற மாதம் அப்படிப் படித்துப் பார்த்துத்தான் மசாலாச் சுவையுள்ள ஒரு பிஸ்கட்டை வாங்கினாள். கோதுமை மாவு, பாமாயில், சர்க்கரை, உப்பு என்று நீண்ட பட்டியலின் கடைசியில் ஒரு சிறு வரி: 'இயற்கைச் சுவையூட்டிகள் சேர்க்கப்பட்டுள்ளன.' எள் என்ற சொல் எங்கும் இல்லை. அன்று மாலையே சிறுவனின் கை, கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்தது. மருத்துவர் மருந்து கொடுத்தார், இரவுக்குள் தணிந்துவிட்டது. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "அந்த பிஸ்கட்டில் என்னென்ன இருந்தன?"

அதற்கு விடை தேடி, உறையில் அச்சிட்டிருந்த வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசினாள். மின்னஞ்சலும் அனுப்பினாள். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. சட்டப்படி குறிப்பிட வேண்டிய அனைத்தையும் உறையில் குறிப்பிட்டிருக்கிறோம். சுவையூட்டியின் கலவை வணிக ரகசியம் என்பதால் அதைத் தெரிவிக்க இயலாது என்றது அந்தப் பதில். "சட்டம் இப்படியா சொல்கிறது, மாமா?" என்று என்னிடம் கேட்டாள். சிறுவனின் உடல் தடித்ததற்கு அந்த பிஸ்கட்தான் காரணமா என்பது இன்றுவரை தெரியாது. அது தெரியாமலே இருப்பதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது என்பதே, தேடிப் படித்தபோது எனக்குக் கிடைத்த விடை.

இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் விதிமுறைகள் சுவையூட்டிகளை மூன்று வகையாகப் பிரிக்கின்றன. தாவர மூலப்பொருள்களிலிருந்தும், சில நேரங்களில் விலங்கு மூலப்பொருள்களிலிருந்தும், பௌதிக முறைகளால் மட்டுமே பிரித்தெடுக்கப்படுபவை இயற்கைச் சுவையூட்டிகள். இயற்கையில் உள்ள அதே மூலக்கூற்றை வேதிமுறையில் பிரித்தோ ஆலையில் உருவாக்கியோ பெறுபவை இயற்கையை ஒத்த சுவையூட்டிகள். இயற்கைப் பொருள்களில் இதுவரை கண்டறியப்படாத மூலக்கூறுகள் செயற்கைச் சுவையூட்டிகள். 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டக் காலத்திலிருந்தே தொடர்ந்து வரும் பாகுபாடு இது.

இதில் ஒரு விந்தை உண்டு. 2020-ஆம் ஆண்டின் உணவு உறைக் குறிப்பு விதிமுறைகளின்படி, செயற்கைச் சுவையூட்டி சேர்த்தால் அதன் பெயரைக் குறிப்பிட வேண்டும். இயற்கைச் சுவையூட்டியோ, இயற்கையை ஒத்த சுவையூட்டியோ சேர்த்தால் வகையின் பெயரை மட்டும் சொன்னால் போதும். எந்தச் செடியிலிருந்து, எந்த விதையிலிருந்து, எத்தனை பொருள்கள் என்று எதையும் சொல்ல வேண்டியதில்லை. மக்கள் ஐயத்தோடு பார்ப்பது பெயரோடு வருகிறது. நம்பிக்கையோடு பார்ப்பது பெயரின்றி வருகிறது.

'இயற்கை' என்ற சொல்லைப் படித்ததும் நம் மனக்கண்ணில் எழும் காட்சி எளிமையானது. பழத்தைப் பிழிகிறார்கள்; ஏலக்காயை இடிக்கிறார்கள்; அதைப் பாகில் கலக்கிறார்கள். சுவைத் தொழிலின் நடைமுறை அந்தக் காட்சியிலிருந்து வெகுதூரம் விலகிச் சென்று பல ஆண்டுகள் ஆகின்றன.

வெனிலாவை எடுத்துக்கொள்வோம். அது ஓர் ஆர்க்கிட் கொடியின் காய். மெக்சிகோவுக்கு வெளியே அக்கொடி பூத்தாலும் காய்க்கவில்லை. 1841-இல் ரீயூனியன் தீவில் அடிமையாக இருந்த எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயதுச் சிறுவன், பூவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய வழியைக் கண்டறிந்த பிறகே அது உலகப் பயிராயிற்று. இன்றும் ஒவ்வொரு பூவையும் கையால்தான் தொட்டுச் சேர்க்க வேண்டும். 1874-இல் ஜெர்மனியில் டீமான், ஹார்மான் என்ற வேதியியலாளர்கள் வெனிலாவின் முதன்மை மணப்பொருளான வெனிலினை ஊசியிலை மரச்சாற்றில் உள்ள ஒரு பொருளிலிருந்து உருவாக்கினார்கள். இன்று உலகில் விற்கும் வெனிலா மணத்தில் காயிலிருந்து வருவது 1 சதவீதத்துக்கும் குறைவு. எஞ்சியதில் பெரும்பகுதி பெட்ரோலிய வழிப் பொருள்களிலிருந்து வருகிறது.

'செயற்கை' என்ற சொல்லை நுகர்வோர் விரும்பாதபோது தொழில்துறை வேறொரு வழியைக் கண்டது. அரிசித் தவிட்டிலிருந்து கிடைக்கும் ஃபெரூலிக் அமிலத்தை நுண்ணுயிரிகளுக்கு உணவாகக் கொடுத்தால் அவை அதை வெனிலினாக மாற்றிவிடும். தவிடு இயற்கை, நுண்ணுயிரி இயற்கை, ஆகவே கிடைத்த வெனிலினும் அமெரிக்க, ஐரோப்பிய விதிகளின்படி இயற்கைச் சுவைப்பொருளே. பீச் பழத்தின் மணம் தரும் ஒரு முக்கியப் பொருள் இப்படித்தான் ஆமணக்கு எண்ணெயை ஈஸ்ட் நுண்ணுயிரிகளுக்குக் கொடுத்துப் பெறப்படுகிறது. சாராய ஆலையின் வடிப்பில் கழிவாக நிற்கும் ஒருவகை ஆல்கஹாலிலிருந்து வாழைப்பழ மணம் செய்கிறார்கள். விளக்கெண்ணெயில் பீச் பழமும், தவிட்டில் வெனிலாவும், சாராயக் கழிவில் வாழைப்பழமும் மணக்கின்றன.

இதில் மோசடி எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூலக்கூறு ஒன்றேதான், எங்கிருந்து வந்தாலும் நாவும் மூக்கும் வேறுபாடு காண்பதில்லை. திறமையான வேதியியல் அது. ஆனால், உறையில் பழத்தின் படத்தைப் பார்த்து, 'இயற்கைச் சுவையூட்டி' என்ற வரியைப் படித்து, பழத்தைத்தான் வாங்குகிறோம் என்று நினைக்கும் ஒருவருக்கு அந்தச் சொல் சொல்லும் செய்தி வேறு. அதன் சட்டப் பொருள் வேறு. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவில்தான் வணிகம் நடக்கிறது.

இயற்கை என்றால் தீங்கற்றது என்ற நம்பிக்கை அடுத்தது. நமது விதிமுறைகளே அதை மறுக்கின்றன. சுவையூட்டிகளாகப் பயன்படுத்தக் கூடாது என்று ஆணையம் தடைசெய்துள்ள பட்டியலில் கூமரின், டோங்கா விதை, சாஃப்ரோல், தூஜோன், பீட்டா அசரோன் முதலியவை உள்ளன. இவை அனைத்தும் செடிகொடிகளில் இயல்பாகவே இருப்பவை. டோங்கா விதை வெனிலாவைப் போல மணக்கும். அதிலுள்ள கூமரின் கல்லீரலைப் பாதிக்கும் என்பதால் அமெரிக்கா 1954-இலேயே அதை உணவில் தடைசெய்தது. அங்கே பரம்பரையாக அருந்தப்பட்ட ஒரு பானத்துக்கு மணம் தந்தது சாஸஃப்ராஸ் வேர். அதிலுள்ள சாஃப்ரோல் விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியது தெரிந்து 1960-இல் அதுவும் தடைசெய்யப்பட்டது.

பட்டியலில் உள்ள பீட்டா அசரோன் நமக்கு நெருக்கமானது. நம் நாட்டு வசம்பில் மிகுதியாக இருக்கும் பொருள் அது. பிள்ளை பெற்ற வீடுகளில் 'பேர் சொல்லா மருந்து' என்று பெயர்பெற்ற அதே வசம்புதான். சுட்டு, உரைத்து, எவ்வளவு, எப்போது என்று அளவறிந்து கொடுக்கும் முதிய பெண்மணி ஒருவர் அந்த வீடுகளில் இருந்தார். பெயரைச் சொல்லாவிட்டாலும் அது என்னவென்று அவருக்குத் தெரியும். ஆலையில் தயாராகி உறைக்குள் வரும் பெயர் சொல்லாச் சுவைக்கு அப்படி ஒருவர் நம் வீட்டில் இல்லை.

எதிர்த்திசையிலும் ஒரு படிப்பினை உண்டு. 2018 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஆறு செயற்கைச் சுவைப்பொருள்களுக்கான அனுமதியை விலக்கிக்கொண்டது. விலங்குச் சோதனையில் புற்றுநோய் உண்டாக்குவதாகத் தெரிந்த எதையும் உணவுச் சேர்க்கையாக அனுமதிக்கக் கூடாது என்ற 1958-ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவே அதற்குக் காரணம். பயன்படுத்தப்படும் அளவில் அவற்றால் மனிதருக்கு ஆபத்தில்லை என்றும் அந்நிர்வாகமே கூறியது. கவனிக்க வேண்டியது வேறொன்று. புதினா வகைகளில் உள்ள புலிகோன் போன்ற அதே மூலக்கூறுகள் இயற்கை மூலத்திலிருந்து வந்தால் அந்த ஆணை அவற்றைத் தொடவில்லை. ஒரே பொருள், பிறப்பிடம் மாறியதும் சட்டம் மாறிவிடுகிறது. உடலுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

வெண்ணெயில் இயல்பாகவே உள்ள டைஅசிட்டைல் என்ற மணப்பொருளின் கதையும் இதையே சொல்கிறது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் சோளப்பொரி ஆலை ஒன்றில் வெண்ணெய் மணம் கலக்கும் இடத்தில் வேலை செய்தவர்களுக்கு நுரையீரலின் சிறு காற்றுக்குழாய்கள் அடைபட்டு, மீள முடியாத நோய் வந்தது கண்டறியப்பட்டது. சிறிதளவாக உண்பவருக்குத் தீங்கில்லாத ஒன்று, ஆவியாக நாள்தோறும் சுவாசித்தவர்களின் மூச்சைப் பறித்தது. அளவும் வழியுமே தீங்கைத் தீர்மானிக்கின்றன. 'இயற்கை', 'செயற்கை' என்ற முத்திரைகள் அல்ல.

இவற்றைச் சொல்வதால், கடையில் விற்கும் சுவையூட்டிய உணவெல்லாம் நஞ்சு என்று நான் வாதிடுவதாக யாரும் கருத வேண்டாம். சுவையூட்டிகள் மிகமிகச் சிறிய அளவில் சேர்க்கப்படுகின்றன. அளவு கூடினால் சுவையே கெட்டுவிடும் என்பதால் அவற்றுக்கு இயல்பாகவே ஓர் எல்லை உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் 2,100-க்கும் மேற்பட்ட சுவைப்பொருள்களை ஆய்ந்து பட்டியலிட்டது. நீர்நாயைப் போன்ற பீவர் என்ற விலங்கின் சுரப்பிதான் ஐஸ்கிரீமில் கலக்கப்படுகிறது என்று வாட்ஸ்அப்பில் அவ்வப்போது உலாவரும் செய்தியும் அச்சமூட்டும் கதையே. அப்பொருள் மிக அரிதானது, விலையுயர்ந்தது, உணவுத் தொழிலில் ஏறத்தாழப் பயன்பாட்டிலேயே இல்லாதது. மிகையான அச்சம், மெய்யான கேள்விகளை மறைத்துவிடும். மெய்யான கேள்விகள் மூன்று இருப்பதாக நான் கருதுகிறேன்.

முதல் கேள்வி, உண்பவரின் உடல் பற்றியது. ஒவ்வாமை உண்டாக்கும் பொருள்கள் என்று நமது 2020 விதிமுறைகள் பசையமுள்ள தானியங்கள், ஓடுடைய கடலுயிர்கள், பால், முட்டை, மீன், நிலக்கடலையும் கொட்டைப் பருப்புகளும், சோயா, சல்ஃபைட் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, அவை இருந்தால் கட்டாயம் அறிவிக்கச் சொல்கின்றன. அந்தப் பட்டியலில் எள்ளும் இல்லை, கடுகும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் இரண்டுமே உண்டு. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளை அறிவிப்பது கட்டாயமாகிவிட்டது. எள்ளையும் கடுகையும் அன்றாடம் தாளித்தும் பொடித்தும் உண்ணும் நாட்டில், அவற்றை வகைப் பெயருக்குள் மறைத்துவைக்க இடமிருக்கிறது. என் தங்கை மகள் அத்தனை கவனமாகப் படித்தும் பயனில்லாமல் போனது அதனால்தான். அவள் படிக்கத் தவறவில்லை. படிக்க அங்கே எதுவும் எழுதப்படவில்லை.

உடலோடு மனசாட்சியும் சேர்ந்தது. சைவ உணவு உண்போருக்கும், சமய நெறியால் சில இறைச்சிகளை விலக்கியோருக்கும், உணவின் மூலம் எது என்பது சிறு விவரம் அன்று. 2021 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. டைசோடியம் இனோசினேட் என்ற சுவைமிகுப்பி இறைச்சியிலிருந்தோ மீனிலிருந்தோ தயாரிக்கப்படக் கூடும்; உறையில் எண்ணை மட்டும் போட்டால் வாங்குபவருக்கு அது தெரியாது. ஆகவே, எவ்வளவு சிறிய அளவானாலும் ஒவ்வொரு சேர்மானமும் தாவரத்திலிருந்தா, விலங்கிலிருந்தா, ஆய்வகத்திலிருந்தா என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. தான் உண்பது என்ன என்று அறிவது ஒவ்வொருவரின் உரிமை என்ற அடிப்படையில் எழுந்த தீர்ப்பு அது. அந்த அடிப்படை சுவையூட்டிகளுக்கும் பொருந்தும் அல்லவா?

இரண்டாவது கேள்வி, சொற்களின் நேர்மை பற்றியது. 2015 ஜூனில் மேகி நூடுல்ஸுக்கு நாடு முழுவதும் விதிக்கப்பட்ட தடையைப் பலரும் காரீயத்தோடு மட்டுமே சேர்த்து நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆணையம் சொன்ன காரணங்களில் மற்றொன்று, 'எம்எஸ்ஜி சேர்க்கப்படவில்லை' என்று உறையில் இருந்த வரி. தாங்கள் அதைத் தனியாகச் சேர்க்கவில்லை என்றும், நிலக்கடலைப் புரதம், வெங்காயத் தூள், கோதுமை மாவு போன்றவற்றில் குளுட்டமேட் இயல்பாகவே இருக்கிறது என்றும் நிறுவனம் விளக்கமளித்தது. ஆணையம் உரிய நெறிமுறைகளைப் பின்பற்றவில்லை, பரிசோதனை செய்த ஆய்வகங்கள் உரிய அங்கீகாரம் பெற்றவை அல்ல என்ற காரணங்களால் அந்த ஆண்டு ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றம் தடையை நீக்கியது. வழக்கு முடிந்தது, சொல் எழுப்பிய கேள்வி முடியவில்லை. 'சேர்க்கப்படவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றல்ல. 'இயற்கை' என்பதும் 'பழம்' என்பதும் ஒன்றல்ல.

பழத்தைப் பற்றிய கணக்கையும் பார்க்கலாம். நம் நாட்டில் 'பழ பானம்' என்ற பெயரில் விற்க, அதில் 10 சதவீதம் பழச்சாறு இருந்தால் போதும். எலுமிச்சைக்கு 5 சதவீதமே போதும். எஞ்சிய 90 சதவீதத்தில் பெரும்பகுதி தண்ணீரும் சர்க்கரையும். பத்தில் ஒரு பங்கு பழத்தை முழுப் பழம்போல் நாவுக்குக் காட்டும் பணியைச் செய்வது சுவையூட்டி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள் இதையே எச்சரித்தன. உண்மையான பழம் என்று அறிவிக்கும் பொருளில் 10 சதவீதம் மட்டுமே பழம் இருக்கக்கூடும் என்றும், ஒன்றிரண்டு இயற்கைப் பொருள்களைக் காட்டி 'இயற்கை' என்ற சொல் தளர்வாகப் பயன்படுத்தப்படுகிறது என்றும் அவை சுட்டிக்காட்டின.

ஆணையம் வாளாவிருக்கவில்லை. 2018-ஆம் ஆண்டின் விளம்பரம், உரிமைகோரல் விதிமுறைகள், பல பொருள்கள் கலந்த உணவை 'இயற்கை' என்று நேரடியாக அழைக்கக் கூடாது என்கின்றன. 2024 ஜூனில், செறிவூட்டிய சாற்றில் நீர் கலந்து மீட்டெடுத்த பானங்களின் உறையிலிருந்து '100 சதவீதப் பழச்சாறு' என்ற வாசகத்தை நீக்க ஆணையிட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், முன்பக்கத்துப் பெரிய எழுத்தைத் திருத்திய ஆணையம் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைத் தொடவில்லை. உணவு முழுவதையும் இயற்கை என்று சொல்லக் கூடாது. அதிலுள்ள பெயரற்ற கலவையை மட்டும் இயற்கை என்று சொல்லலாம் என்ற நிலை நீடிக்கிறது.

சுவைக்கும் சத்துக்கும் இடையே இருந்த பழைய உறவை இது அறுத்துவிடுகிறது என்பதே எனது பெருங்கவலை. மாம்பழத்தின் மணம் ஒரு தகவல். இங்கே நார் உண்டு, வைட்டமின் உண்டு, இனிப்பு உண்டு என்று மணம் உடலுக்குச் சொல்லிவந்தது. இன்று அந்த மணம் தனியே பிரிந்து சர்க்கரை நீரிலும், மைதாவிலும், கொழுப்பிலும் ஏறி அமர்கிறது. பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கார்லோஸ் மொன்டேரோவும் அவரது குழுவினரும் உருவாக்கிய வகைப்பாட்டில், வீட்டுச் சமையலறையில் இல்லாத சுவையூட்டிகள் சேர்க்கப்பட்டிருப்பது மிகைப் பதப்படுத்தப்பட்ட உணவின் அடையாளங்களில் ஒன்று. அச்சுவையூட்டி இயற்கையானதா, செயற்கையானதா என்று அந்த வகைப்பாடு கேட்பதில்லை. அது தன்னளவில் தீங்கு செய்கிறதா என்பதைவிட, எதை உண்ணவைக்கிறது என்பது முக்கியம். ஆலை மாம்பழச் சுவையில் நாவு பழகிய குழந்தை, கொஞ்சம் புளிக்கும் மெய்யான மாம்பழத்தை விலக்கிவைப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறோம்.

மூன்றாவது கேள்வி, விளைவிப்பவர் பற்றியது. நமது விவாதங்களில் இது வருவதே இல்லை. மடகாஸ்கரில் புயலால் விளைச்சல் குன்றி, 2000-க்குப் பிறகு வெனிலா விலை உயர்ந்தபோது கேரளம், கர்நாடக மாநிலங்களில் எத்தனையோ விவசாயிகள் வெனிலாக் கொடியை நட்டார்கள். விலை உச்சத்தை எட்டியதும் உணவு நிறுவனங்கள் ஆலை வெனிலினை நாடின. 2004-க்குப் பின் விலை சரிந்தது, கொடிகள் பிடுங்கப்பட்டன. சந்தையில் ஏற்றத்தாழ்வு இயல்புதான். ஆனால், காயின் மணமும் ஆலையின் மணமும் உறையில் தெளிவாக வேறுபட்டுத் தெரிந்திருந்தால், காய்க்கு விலை கொடுக்க விரும்பியவர் கொடுத்திருப்பார். வேறுபாடு தெரியாத இடத்தில் மலிவானதே வெல்லும்.

கிருஷ்ணகிரியிலும் ஆந்திரத்தின் சித்தூரிலும் பழக்கூழ் ஆலைகளை நம்பி மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் 2025 பருவத்தில் பட்ட பாடு நினைவிருக்கும். கூழுக்கென்றே விளையும் பெங்களூரா ரகத்தின் விலை, பறிப்புக் கூலிக்கும் கட்டாத அளவுக்கு வீழ்ந்தது. ஆந்திர அரசு கிலோவுக்கு 4 ரூபாய் தன் பங்காகத் தர நேர்ந்தது. அந்த வீழ்ச்சிக்கு மிகை விளைச்சல், தேங்கிய கூழ் இருப்பு, ஏற்றுமதிச் சுணக்கம் என்று பல காரணங்கள் உண்டு. சுவையூட்டிதான் காரணம் என்று சொன்னால் அது நேர்மையாகாது. ஆனாலும் ஒன்றைக் கேட்கலாம். மாம்பழம் தோப்பில் அழுகும் அதே கோடையில், பத்தில் ஒரு பங்கு பழமும் மீதிக்கு மணமுமாக மாம்பழ பானம் கடைகளில் விற்கிறதே, பழத்தின் பங்கு 20 சதவீதமாக இருந்திருந்தால் எத்தனை லாரிகள் ஆலை வாசலிலிருந்து திரும்பிப் போகாமல் இருந்திருக்கும்?

வணிக ரகசியம் என்ற வாதத்தை முழுவதுமாகத் தள்ளிவிட இயலாது. ஒரு சுவையூட்டியில் பல பத்துப் பொருள்கள் இருக்கலாம்; அவற்றின் விகிதம் பல ஆண்டு உழைப்பின் பயன். அதைப் போட்டியாளருக்குத் திறந்துகாட்டச் சொல்வது முறையன்று. ஆனால், விகிதம் வேறு, மூலம் வேறு. எள், கடுகு, பால், மீன் என்று மூலத்தைச் சொல்வதால் எந்தக் கைப்பக்குவமும் களவு போய்விடாது. நம் ஊர் மிட்டாய்க்கடைக்காரர் பக்குவத்தைச் சொல்லமாட்டார். 'இதில் முந்திரி இருக்கிறதா?' என்று கேட்டால் சொல்லிவிடுவார்.

செய்ய வேண்டியவை அரிய செயல்கள் அல்ல. செயற்கைச் சுவையூட்டிக்கு உள்ள பெயர் சொல்லும் கடமை மற்ற இரண்டு வகைகளுக்கும் வேண்டும். எல்லா மூலக்கூறுகளையும் அல்ல, எந்தத் தாவரம், எந்த விலங்கு என்ற மூலத்தையாவது. ஒவ்வாமைப் பட்டியலில் எள்ளும் கடுகும் சேர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 'இயற்கை மாம்பழச் சுவையூட்டி' என்று ஒரு பழத்தின் பெயரோடு சொல்ல வேண்டுமானால், அந்தச் சுவைப் பகுதியில் 95 சதவீதமாவது அப்பழத்திலிருந்தே வந்திருக்க வேண்டும்; அந்த விதியை இங்கும் கொண்டுவரலாம். 'இயற்கையை ஒத்த' என்ற குழப்பமான வகையை ஐரோப்பா 2008-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே கைவிட்டுவிட்டது, நாமும் கைவிடலாம். உறையின் முன்பக்கத்தில் பழத்தின் படம் இருந்தால் அதன் அருகிலேயே பழத்தின் சதவீதமும் இருக்க வேண்டும்.

மொழியும் இதில் சேர்ந்தது. இப்போதைய விதிமுறைகளின்படி உறைக் குறிப்புகள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும். பிற மொழிகள் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு தாய்க்கு, எவ்வளவு விரிவாக எழுதப்பட்ட பட்டியலும் வெற்றுத்தாள்தான். 2023-இல் பார்வைக் குறைபாடு உடையோருக்காக உறைகளில் க்யூஆர் குறியீடு இடுமாறு ஆணையம் அறிவுறுத்தியது. அதே குறியீட்டின் வழியே சுவையூட்டியின் மூலங்களையும், ஒவ்வாமை விவரங்களையும் தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில் தருவதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை. மருத்துவர் எழுத்துமூலம் கேட்டால் குறிப்பிட்ட பொருள் இருக்கிறதா, இல்லையா என்று உடனே பதிலளிக்கும் கடமையையும் நிறுவனங்களுக்கு விதிக்க வேண்டும்.

உறையின் முன்பக்கத்தில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு பற்றிய எச்சரிக்கை வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக நிலுவையில் உள்ளது. 2022-இல் ஆணையம் நட்சத்திர மதிப்பீட்டு முறைக்கான வரைவை வெளியிட்டது. அதன் மீதான வாதங்கள் நீண்டன. அந்த எச்சரிக்கை வருவது மிகமிகத் தேவை. வரும்போது, மூன்று எண்களுக்குள் அடங்காத இந்தச் சிறு வரியையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டம் மாறும்வரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. சுவையூட்டி சேர்த்திருப்பதாகச் சொல்லும் உறையை எடுத்தால், 'இதில் எதன் சுவை குறைந்திருந்தது, எதைக் கொண்டு நிரப்பினார்கள்?' என்று ஒரு கணம் கேட்டுக்கொள்ளலாம். பழம் மிகுந்த பொருளுக்குப் பழ மணம் சேர்க்க வேண்டிய தேவை குறைவு. நல்ல நெய்யில் செய்த பண்டத்துக்கு நெய் மணம் தேவையில்லை. அந்த வரி பெரும்பாலும் இருப்பதைப் பற்றியதல்ல, இல்லாததைப் பற்றியது.

என் தங்கை மகள் இப்போது வீட்டிலேயே பிஸ்கட் சுடுகிறாள். வேலைக்குப் போய்வந்து, இரவு பத்து மணிக்கு மாவு பிசைகிறாள். அவளால் முடிகிறது, அடுப்பும் நேரமும் வாய்க்காத எத்தனையோ தாய்மாருக்கு முடியாது. அந்தப் பழைய பிஸ்கட் உறையை அவள் இன்னும் தூக்கி எறியவில்லை. மடித்து, மருத்துவச் சீட்டுகளோடு வைத்திருக்கிறாள். அடுத்த முறை மருத்துவர் கேட்டால் காட்டுவதற்கு அவளிடம் இருக்கும் ஒரே சான்று அதுதான். அதில் எழுதியிருப்பதோ 'இயற்கைச் சுவையூட்டிகள்' என்று மட்டும்தான்.